நாற்பத்திரண்டாம் நாளுக்குப் பிறகு: ஒரு பூக்காட்டு ஊரில் தாய்ப்பால் மீட்பு – நிகழ்வு ஆய்வு

திருமங்கலம் வட்டாரத்து மல்லிகைக் காடுகளில், பிள்ளை பெற்றவள் எப்போது வேலைக்குத் திரும்புகிறாள் என்பது பூவின் கையில் இருக்கிறது. பங்குனியில் வரத்து ஏறினால் ஆனி வரை ஆள் பற்றாக்குறைதான். மொட்டு விரிவதற்குள் பறித்து மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு ஏற்றியாக வேண்டும். அதனால் விடியற்காலை மூன்று மணிக்கே நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு பெண்கள் காட்டில் இறங்கிவிடுகிறார்கள். கூலி கிலோக் கணக்கு. பறிக்காத நாளுக்குக் காசு கிடையாது.

இந்த நிகழ்வு அப்படியொரு வீட்டில் நடப்பது. இந்தப் பக்கத்து ஊர்களில் திரும்பத் திரும்ப வரும் நிலைமையை ஒரு தாய், ஒரு குழந்தை என்று சுருக்கி அமைத்த மாதிரி இது. தனியொரு குடும்பத்தை அடையாளம் காட்டுவதல்ல. குழந்தையின் எடை எண்கள் கணக்கைப் பின்தொடர வசதியாக வைத்தவை. முறைகளும், மருத்துவ அளவுகளும், சட்டமும் உள்ளது உள்ளபடி.

குழந்தை வந்து சேர்ந்த நிலை

பெண் குழந்தை. மாசிக் கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவம், எடை 2.9 கிலோ. சேனை வைக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைத்தார். அதில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டிய சீம்பால் மூன்று மணி நேரம் தள்ளிப்போனது. அதன்பின் எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. 5-ம் நாள் 2.72 கிலோ, அதாவது பிறந்த எடையில் 6 சதவீதம் இறக்கம், இது இயல்புதான். 14-ம் நாள் 2.95. 35-ம் நாள் 3.5. இடைப்பட்ட 21 நாளில் 550 கிராம், நாளுக்கு 26 கிராம் ஏற்றம். முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆக, இந்தத் தாய்க்குப் பால் இருந்தது. பிற்பாடு அக்கம்பக்கம் முழுக்க "அவளுக்கு மொதல்லருந்தே பால் கெடையாது" என்று பேசியதால் இதைத் தனியாகக் குறிக்க வேண்டியிருக்கிறது.

40-ம் நாள் காட்டுக்குப் போனாள். சித்திரைத் திருவிழா நேரம். மதுரையில் தர்மம் செய்பவர்கள் கை தாராளமாகும் பருவம் அதுதான். தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல், அன்னதானம். அந்தக் கையோடு ஓர் அறக்கட்டளை சுற்றுவட்டார ஊர்களில் பச்சை உடம்புக்காரிகளுக்கு ஆளுக்கொரு பை கொடுத்தது. துண்டு, சோப்பு, பேரீச்சம்பழம், 400 கிராம் பால்பொடி டப்பா, ஒரு பால் புட்டி.

70-ம் நாள், புதன்கிழமை, பத்து வாரத் தடுப்பூசி. எடை 3.85. முந்தைய எடையிலிருந்து 35 நாளில் 350 கிராம்தான், நாளுக்கு 10 கிராம். இதற்கிடையில் இரண்டு முறை வயிற்றால் போயிருக்கிறது. ஒன்றுக்குப் போவது நாளுக்கு நாலு தடவை. ஆறுக்குக் குறைந்தாலே பால் போதவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். மருத்துவரிடம் காட்டியதில் காய்ச்சல், சோர்வு, மூச்சிழுப்பு போன்ற அபாய அறிகுறி எதுவும் இல்லை. இந்தச் சோதனை முடியாமல் "பால் பிரச்சினைதான்" என்று யாரும் கைவைக்கக் கூடாது. எடை ஏறாத குழந்தைக்கு இதய நோயோ கிருமித் தொற்றோ இருக்கலாம்.

ஏன் 70-ம் நாள் வரை யாருக்கும் தெரியவில்லை? ஊரில் இருந்தது தொங்கு தராசு. அதன் கோடு 100 கிராமுக்கு ஒன்று. நாளுக்கு 10 கிராம் ஏறும் பிள்ளையையும் 26 கிராம் ஏறும் பிள்ளையையும் ஒரு வார இடைவெளியில் அது பிரித்துக் காட்டாது. குழந்தை காலை உதைத்தால் முள் தானே ஒரு கோடு ஆடும். "கூடியிருக்கு" என்று அட்டையில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். கூடித்தான் இருந்தது, போதுமான அளவு கூடவில்லை. கைப்புயச் சுற்றளவை நாடா கொண்டு அளக்கலாமே என்றால், கடும் இளைப்பைக் காட்டும் 11.5 சென்டிமீட்டர் என்ற வரம்பு ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளுக்கு உரியது. இந்த வயதுக்கு அதை நம்ப முடியாது.

பூ பேரில் விழுந்த பழி

தாய்ப்பால் ஆலோசகர் அதே ஊர்க்காரப் பெண், 40 மணி நேரப் பயிற்சி முடித்தவர். அவர் வீட்டுக்குப் போனதும் மாமியார் சொன்ன முதல் வார்த்தை: "பூவுலயே கெடந்தா பால் வத்தாம என்ன தாயி செய்யும்?"

இதைச் சிரித்துத் தள்ளக் கூடாது. மார்பில் மல்லிகையை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது தென்னாட்டில் வழிவழியாக வரும் கைமுறை. பிள்ளை இறந்துபோன தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு வலிக்கும்போது செய்வார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இதைச் சோதித்தே பார்த்து, பால் வற்றச் செய்யும் மாத்திரைக்கு இணையாக வேலை செய்கிறது என்று 1988-ல் எழுதியிருக்கிறார்கள். அதனால் ஆலோசகர் "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று பேச்சை வெட்டவில்லை. "கட்டுனா வத்தும், சரிதான் அத்தே. இவ பறிக்கத்தானே செய்யுறா? இந்த ஊருல பூ பறிச்சுக்கிட்டே எத்தனை பேரு பால் குடுத்திருக்காக, நீங்களே சொல்லுங்க" என்றார். மாமியாரே நாலு பேரை எண்ணினார், தன்னையும் சேர்த்து.

உண்மையில் பால் குறைந்த வழி வேறு. மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். பாலை ஊற வைக்கும் புரோலாக்டின் சுரப்பு இரவில் உச்சத்தில் இருக்கும். மூன்று மணியிலிருந்து ஏழு வரை காட்டில் நின்றால் அந்த வேளையில் இரண்டு தடவை பால் கொடுப்பது போச்சு. மார்பு கல் மாதிரி இறுகும், முந்தானை நனையும். அப்படியே இறுகிக் கிடக்கும் மார்பு அடுத்த நாள் குறைத்துச் சுரக்கும். வீட்டில் அழுகிற பிள்ளைக்குப் புட்டி. வயிறு நிறைந்து தூங்கிய பிள்ளை, தாய் வந்ததும் மார்பை இழுத்துக் குடிக்காது. பத்தே நாளில் "பால் பத்தலை" என்பது நிஜமாகிவிடும். பொடி கொடுத்ததால் பால் குறைந்தது; பால் குறைந்ததால் பொடி கூடியது.

டப்பாவின் கணக்கு

அறக்கட்டளைக்காரர்கள் உட்கார்ந்து போட்டுப் பார்த்திருக்க வேண்டிய கணக்கு இது. டப்பா அட்டையில் உள்ள வழக்கமான அளவு 30 மில்லி தண்ணீருக்கு மட்டமாக ஒரு கரண்டி, ஏறத்தாழ 4.5 கிராம். ஆறு கிலோ எடையுள்ள குழந்தை பொடியை மட்டுமே நம்பி வாழ்ந்தால் கிலோவுக்கு 150 மில்லி வீதம் நாளுக்கு 900 மில்லி வேண்டும். 30 கரண்டி, 135 கிராம். 400 கிராம் டப்பா மூன்றாம் நாள் காலி. மாதத்துக்குப் பத்து டப்பா. டப்பா நானூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது மாதம் நாலாயிரத்தைத் தாண்டும். பையில் இருந்தது ஒன்று.

இந்த வீட்டில் நாளுக்கு மூன்று புட்டி, புட்டிக்கு 120 மில்லி. நாலு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு கரண்டி. டப்பா நாள்பட வரட்டும் என்று தாய் செய்த சிக்கனம். சரியாகக் கலந்தால் 100 மில்லியில் 67 கலோரி அளவில் இருக்கும். அவள் கலந்ததில் அதில் பாதி. 360 மில்லி குடித்து வயிறு உப்பிய குழந்தைக்கு உள்ளே போனது 120 கலோரி. வயிற்றை அடைத்ததில் பெரும்பங்கு தண்ணீர்தான், அதனால்தான் எடை ஏறவில்லை. வயிற்றுப்போக்குக்குக் காரணம் புட்டி. ரப்பர் காம்பின் உட்பக்கம் பால் படிந்து வழவழப்பாக இருந்தது. வெந்நீரில் அலசுவது நடந்தது, கொதிக்க வைப்பது நடக்கவில்லை. பொடியும் கிருமி நீக்கியது கிடையாது. கொதித்த தண்ணீரை இறக்கி அரை மணிக்குள், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலந்து, ஆறவைத்துக் கொடுக்க வேண்டியது. மூன்று மணிக்கு எழுந்த பாட்டி அதைச் செய்வாரா?

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2006-ல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு மலைமலையாகப் பால்பொடி நன்கொடை வந்தது. அதைப் பெற்ற குழந்தைகளிடையே வயிற்றுப்போக்கு, பெறாதவர்களைவிட இரு மடங்காக இருந்தது.

போதாததற்கு, நம் நாட்டில் அந்தப் பையே சட்ட விரோதம். 1992-ம் ஆண்டின் குழந்தைப்பால் மாற்று, பால் புட்டி, குழந்தை உணவு ஒழுங்குமுறைச் சட்டம், 2003-ல் திருத்தி இறுக்கப்பட்டது. அனாதை இல்லங்கள் தவிர வேறு யாருக்கும், எவரும், பால்பொடியையோ புட்டியையோ தானமாகக் கொடுக்கக் கூடாது என்கிறது. "கம்பெனிக்குத்தானே அந்தச் சட்டம்" என்று நிறைய அறக்கட்டளைகள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. சட்டத்தின் சொல் 'எவரும்' என்பதுதான். தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொடி உண்மையிலேயே தேவைப்படும் குழந்தைகள் உண்டு. தாய் இல்லாத குழந்தை, தாய் கொடுக்கவே முடியாத நோய். அங்கே மருத்துவர் முடிவெடுத்து, குழந்தை வளரும்வரை தடையில்லாமல் கிடைக்க வழி செய்வார். குறைமாதக் குழந்தை என்றால் பெரியாஸ்பத்திரியின் தாய்ப்பால் வங்கியைக் கேட்கலாம்.

மீட்பு: பதினாறு நாள்

முதல் நாள் ஆலோசகர் செய்தது ஒன்றுதான்: உட்கார்ந்து பார்த்தது. முழுதாக ஒரு தடவை பால் கொடுத்து முடிக்கும்வரை, நாற்பது நிமிடம். குழந்தை காம்பை மட்டும் பிடித்திருந்தது. வாயிலிருந்து எடுத்ததும் காம்பு ஒரு பக்கம் சப்பையாக நசுங்கி இருந்தது, அடியில் வெடிப்பு. புட்டி ரப்பரைப் பிடித்த வாய் அப்படித்தான் குறுகும்.

பிடிப்பு சரியா என்று பார்க்க நாலு இடம்: மோவாய் மார்பில் பட வேண்டும், வாய் அகலத் திறந்திருக்க வேண்டும், கீழுதடு வெளிப்பக்கம் மடங்கியிருக்க வேண்டும், கருவட்டம் கீழே தெரிவதைவிட மேலே அதிகம் தெரிய வேண்டும். இந்தக் குழந்தையிடம் நாலுமே இல்லை. தாய் குனிந்து மார்பைப் பிள்ளை வாய்க்குக் கொண்டுபோனாள்; அதை மாற்றி, சுவரில் சாய்ந்து, பிள்ளையின் தலையும் உடம்பும் நேர்கோட்டில், வயிறோடு வயிறு ஒட்ட, மேலுதட்டில் காம்பால் தடவி, வாய் கொட்டாவி மாதிரி திறக்கும் கணத்தில் பிள்ளையை மார்புக்கு இழுப்பது. ஐந்தாறு தடவை தவறிய பிறகு பிடித்தது. முழுங்கும் சத்தம் கேட்டதும் மாமியார் எட்டிப் பார்த்தார்.

இடது காம்பு தட்டை. அதற்கு 10 மில்லி ஊசிக்குழல் போதும். ஊசி மாட்டும் மூக்குப் பக்கத்தைப் புது பிளேடால் வட்டமாக அறுத்து எடுத்துவிட்டு, குழலுக்குள் நகரும் தண்டான உலக்கையைக் கழற்றி அறுத்த பக்கம் வழியாக உள்ளே செலுத்த வேண்டும். விரல் பிடிக்கும் விளிம்புள்ள வழவழப்பான பக்கத்தைக் காம்பின் மேல் பதித்து, உலக்கையை மெல்ல இழுத்து அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை நிறுத்தி, விட்டுவிட்டுச் செய்தால் காம்பு எழும்பும். உடனே பிள்ளையைப் பிடிக்க வைக்க வேண்டும். உலக்கையைத் திருப்பிப் போட மறந்து அறுத்த பக்கத்தையே மார்பில் வைத்தால் பிசிறு கீறி ரணமாகும். அடிக்கடி நடக்கிற தவறு அது. வலிக்கும் அளவுக்கு இழுப்பது இரண்டாவது தவறு.

பொடியை அன்றே நிறுத்தவில்லை. ஏற்கனவே இளைத்த பிள்ளை; நிறுத்தினால் இன்னும் இறங்கும். நிறுத்தியது புட்டியை. அதன் இடத்தில் பாலாடை, ஒரு பக்கம் மூக்கு நீண்ட அந்தப் பழைய சிறு பாத்திரம். பொடிப்பால் நாளுக்கு 240 மில்லி, சரியான கெட்டியில், எட்டுப் பங்காக; ஒவ்வொரு பங்கும் ஒரு கரண்டிக்கு 30 மில்லி. கன அளவு 360-லிருந்து 240-ஆகக் குறைந்தாலும் கலோரி 120-லிருந்து 160-ஆகக் கூடியது. அதைவிட முக்கியம், மார்பில் குடித்த பிறகுதான் அது.

இரண்டு நாளுக்கு ஒரு பங்கு குறைப்பது என்று திட்டம். நாளுக்கு 50 மில்லி வரைகூடக் குறைக்கலாம் என்பது பொது வழிகாட்டு. இங்கே மெதுவாகப் போனதற்குக் காரணம், வீட்டார் எண்ணிக்கையில் குழம்பாமல் இருக்க வேண்டும். 'இன்னைக்கு ஏழு கரண்டி, நாளைக்கும் ஏழு' என்று சுவரில் கரிக்கோடு போடலாம். எட்டிலிருந்து ஒன்று வரை, ஒவ்வொன்றும் இரண்டு நாள், மொத்தம் 72 கரண்டி, 324 கிராம். வீட்டில் அவர்களே வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த மூன்றாவது டப்பா ஒன்றே இதற்குப் போதுமானதாக இருந்தது.

முதல் இரண்டு நாள் பிள்ளை மார்பில் அரை நிமிடம் இழுத்துவிட்டு அலறியது. புட்டியில் சப்பியவுடன் கொட்டும். மார்பில் பால் இறங்க ஒரு நிமிடம் பிடிக்கும், அதற்குப் பொறுமை இல்லை. அதற்குச் சொட்டு முறை: ஒருவர் பாலாடையிலிருந்து மார்பின் மேல் சொட்டுச் சொட்டாக விட, அது வழிந்து காம்போரம் பிள்ளையின் வாய்க்குள் போகும். இழுத்தால் கிடைக்கிறது என்று பழகிவிடும். சொட்டு முறைக்கு அடங்காத பிள்ளைக்குத்தான் உணவூட்டும் மெல்லிய குழாய்: ஒரு நுனி காம்போரம் ஒட்டி, மறு நுனி பால் கிண்ணத்தில், கிண்ணம் காம்பைவிட 5 முதல் 10 சென்டிமீட்டர் தாழ. உயர்த்தினால் பால் தானாக ஓடும், பிள்ளை உழைக்காது. இங்கே குழாய் தேவைப்படவில்லை, மூன்றாம் நாள் தானாகவே பிடித்துக்கொண்டது. நாளுக்குப் பத்துத் தடவைக்குக் குறையாமல் மார்பில் போட்டார்கள்.

காட்டு வேலையை விடச் சொல்லவில்லை. சொன்னால் நடக்காது, ஆலோசகர் வருவதும் அத்தோடு நின்றுபோகும். 2:30-க்குப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கையால் பீய்ச்சி எடுத்து வைப்பது. வாய் அகன்ற எவர்சில்வர் தம்ளரும் மூடியும் கொதிக்க வைத்தது. கட்டைவிரல் மேலே, ஆட்காட்டி விரல் கீழே, காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி. முதலில் நெஞ்சுக்கூட்டுப் பக்கம் அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து, விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுத்தால் வலிதான் மிச்சம், பால் வராது. பக்கத்துக்கு மூன்று நாலு நிமிடம், மாற்றி மாற்றி இருபது நிமிடம். முதல் நாள் 15 மில்லிதான் வந்தது, தாய் அழுதாள். நாலாம் நாள் 40, எட்டாம் நாள் 70.

பீய்ச்சிய பாலை வெளியில் நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இங்கே ஐந்தரைக்கெல்லாம் குடித்துவிடும் என்பதால் சிக்கல் இல்லை. குளிர்ப்பெட்டியில் ஒரு நாள் வைக்கலாம். ஆடை மேலே ஒதுங்கி, அடியில் நீலம் பாய்ந்த தண்ணி மாதிரி நிற்கும். பாட்டி அதைத் "திரிஞ்சு போச்சு" என்று இரண்டு தடவை கீழே ஊற்றிவிட்டார். கொழுப்பு பிரிவது அப்படித்தான். தம்ளரை மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் சுட வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் தம்ளரை நிறுத்த வேண்டும். கொடுக்கும்போது பிள்ளையை மடியில் நிமிர்த்திப் பிடித்து, பாலாடை மூக்கை உதட்டின் ஓரத்தில் வைத்து, அது உறிஞ்ச விட வேண்டும். மல்லாக்கப் போட்டுச் சங்கில் ஊற்றுவது பழைய பழக்கம். புரையேறி நுரையீரலுக்குப் போவது அதில்தான்.

தாயின் சாப்பாடும் உடன் ஓடியது. பால் கொடுக்கும் முதல் ஆறு மாதத்துக்குக் கூடுதலாக 600 கலோரி வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 அளவு. இவளோ பத்தியம் என்ற பேரில் பூண்டுக்குழம்பும் சோறும் மட்டும், தண்ணீரும் அளந்து. பூண்டும் பால்சுறாப் புட்டும் நல்ல சாப்பாடு, விடச் சொல்ல வேண்டியதில்லை. சேர்க்க வேண்டியது காலையில் கேழ்வரகுக் கூழ், ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, ஒரு முட்டை, முருங்கைக்கீரை, அங்கன்வாடிச் சத்துமாவு. கடலை 30 கிராமிலேயே 170 கலோரி. இதையெல்லாம் மூட்டையாக வீட்டில் இறக்கினால் பொதுப் பானைக்குப் போய்விடும். காட்டுக்குப் போகும்போது மடியில் கட்டிக்கொடுத்த கடலைதான் அவள் வாய்க்குப் போனது.

எடை, 10 கிராம் நுட்பமுள்ள டிஜிட்டல் தராசில், துணியில்லாமல்: 77-ம் நாள் 3.94. 84-ம் நாள் 4.11. 86-ல் பொடி முடிந்தது. 91-ம் நாள் 4.28. கடைசி இரண்டு வாரத்தில் நாளுக்கு 24 கிராம்.

98-ம் நாள்

4.33. ஒரு வாரத்தில் ஐம்பதே கிராம். வைகாசிக் கடைசி முகூர்த்தங்கள். பூ விலை ஏறி, காலையில் பறித்தவள் மத்தியானம் சரம் கட்டவும் உட்கார்ந்திருக்கிறாள். அது பாதிக் காரணம். மீதி, வெயில். "இந்த வேக்காட்டுல புள்ளைக்கு நாக்கு வறளாதா" என்று பாட்டி நாளுக்கு நாலைந்து சங்கு வெந்நீரும், இடையில் கிரைப் வாட்டரும் ஊற்றியிருக்கிறார். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87, 88 பங்கு தண்ணீர். மதுரை வெயிலுக்கும் ஆறு மாதம் வரை வேறு தண்ணீர் தேவையே இல்லை. நாலு சங்குத் தண்ணீர் என்றால் நாலு சங்குப் பால் உள்ளே போகவில்லை.

இதற்குத் தீர்வு பேச்சில் மட்டும் வரவில்லை. சரம் கட்டும் வேலையை வீட்டுத் திண்ணைக்கு மாற்றச் சொல்லிக் காட்டுக்காரரிடம் கேட்டார்கள். கூடையில் பூ வீட்டுக்கே வந்தது. பாட்டிக்கு "தாகம் எடுத்தா மார்ல போடு" என்ற ஒரே விதி. 105-ம் நாள் 4.53.

ஆறு மாதத்தில்: கஞ்சியின் கெட்டி

ஆவணியில் ஆறு மாதம், 6.1 கிலோ. இன்னும் வளர்ச்சி அட்டையின் நடுக்கோட்டுக்குக் கீழேதான். ஆனால் கோடு ஒழுங்காக ஏறுகிறது. தாய்ப்பாலோடு உணவு தொடங்கும் இந்த இடத்தில்தான் இரண்டாவது சறுக்கல் வரும்.

பிள்ளையின் இரைப்பை கிலோவுக்கு 30 கிராம் பிடிக்கும். இதற்குச் சுமார் 180 கிராம். 10 கிராம் மாவை 200 மில்லித் தண்ணீரில் கரைத்த கஞ்சி கொடுத்தால் வயிறு முட்டும், கிடைப்பது முப்பது சொச்சம் கலோரி. இந்த வயதில் உணவிலிருந்து நாளுக்கு 200 கலோரி வேண்டும். அதே பிள்ளைக்கு 20 கிராம் கேழ்வரகு மாவு, 5 கிராம் வறுத்து அரைத்த பாசிப்பருப்பு, 130 மில்லித் தண்ணீரில் வேகவைத்து, இறக்கும்போது ஒரு டீஸ்பூன் எண்ணெயோ நெய்யோ விட்டால் 125 கலோரி. கெட்டிக்குச் சோதனை: கரண்டியைச் சாய்த்தால் ஓடி விழக் கூடாது, ஒட்டி நிற்க வேண்டும். விழுங்கச் சிரமப்பட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவு அரை டீஸ்பூனைச் சூட்டோடு கலந்தால் இரண்டு நிமிடத்தில் களி இளகிவிடும். முளையில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்து இளக்குகிறது, கலோரி குறைவதில்லை. பிறகு ஒரு கொதி விட்டு இறக்க வேண்டும்.

தொடக்கத்தில் வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. எட்டு மாதத்துக்குள் 250 மில்லிக் கிண்ணத்தில் பாதி. ஒன்பதிலிருந்து மூன்று நாலு வேளை. பிறக்கும்போது சேர்த்து வைத்த இரும்புச்சத்து ஆறு மாதத்தோடு தீர்ந்துவிடுவதால் முட்டை, நன்றாக மசித்த கோழி ஈரல், மீன் இவற்றைச் சீக்கிரமே தொடங்கலாம். கிராம செவிலியர் தரும் இரும்புச்சத்து மருந்து வாரம் இருமுறை 1 மில்லி.

பணம் போக வேண்டிய இடம்

மதுரை மாவட்டத்துக்கு இது புதிய பாடம் கிடையாது. 1980-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் தொடங்கிப் பார்க்கப்பட்டது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதாமாதம் நிறுத்து, எடை தடுமாறிய பிள்ளைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தும் முறை அது. எல்லோருக்கும் ஒரு பை என்ற யோசனைக்கு நேர் எதிர்.

இப்போதைய தேசிய வழிகாட்டில் பச்சிளங்குழந்தைக்கான வீட்டு வருகைகள் 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில். அதற்கடுத்தது மூன்றாம் மாதத்தில். இடையில் ஏழு வாரம் யாரும் வீட்டுப்படி ஏற வேண்டியதில்லை. பூக்காட்டுப் பெண்கள் வேலைக்குத் திரும்புவது சரியாக அந்த ஏழு வாரத்தில். அரசின் மகப்பேறு நிதி கூலி இழப்பை ஓரளவு ஈடு செய்கிறது, பூ வரத்துக்கு முன்னால் அது தோற்கிறது. அறக்கட்டளை நுழைய வேண்டிய சந்து இதுதான்.

மாதம் நாலாயிரம் ரூபாய் ஒரே குழந்தைக்குப் பொடியாகக் கரைகிறது. அந்தத் தொகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால், இரண்டு மூன்று ஊர்களைக் கவனிக்கும் உள்ளூர்ப் பெண் ஒருவருக்குப் பகுதி நேரச் சம்பளமாகும். அவர் கையில் ஒரு டிஜிட்டல் தராசு, பத்துப் பாலாடை, பாலாடையின் உட்புறம் 30 மில்லிக்கு ஆணியால் கீறிய கோடு, ஒரு பெட்டி ஊசிக்குழல், பிளேடு. வருகைகள் 38-ம் நாள், அதாவது காட்டுக்குப் போகும் முன் பீய்ச்சப் பழக்க. பிறகு 45, 52, 60, 75. நாளுக்கு 20 கிராமுக்குக் கீழே இரண்டு நிறுவை வந்தால் நேரே மருத்துவர். இந்த ஊர்களில் பூ ஏறும் மாதம் தெரிந்ததே என்பதால், பிரசவப் பட்டியலைக் கிராம செவிலியரிடம் தை மாதமே வாங்கிவிட வேண்டும். பங்குனியில் கேட்டால் அந்தப் பெண்களில் பாதிப் பேர் ஏற்கனவே காட்டில் இருப்பார்கள்.